இடது பக்கத்து ஸ்டூல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது இல்லை. பேய், பிசாசு என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிறவள் நான். இங்கிலாந்தில் எங்கள் டர்ஹம் ஊரில் படிக்கட்டுக்கு ஒரு ஆவியை வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரர்களிடம் காசு பறிப்பார்கள். அந்தக் கதைகளைக் கேட்டுக் கொட்டாவி விட்டே வளர்ந்தவள்தான் இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நான் பேர் சொல்லும் மேடைகளில் பியானோ வாசிக்கிறேன். கை நடுங்குவதில்லை. அந்தக் கை எனக்கு எப்படித் திரும்பக் கிடைத்தது, அதற்கு யாரைக் கொடுத்தேன் என்பதுதான் விஷயம்.

1978, டிசம்பர் மாதம். செயின்ட் ஆஸ்வின் கல்லூரியின் ஆவண அறையில் எனக்கு வேலை. அதற்கு முன்பு நான் பியானோக்காரி. லீட்ஸ் நகரத்தில் ஒரு கச்சேரி. அரங்கு நிறைந்த கூட்டம். பக்கத்தில் நின்று எனக்கு இசைத்தாளின் பக்கம் புரட்டியவர், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் சேர்த்துப் புரட்டிவிட்டார். நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்து வெளியே போனவள்தான். மூன்று வருடம் ஆள் முன்னால் வாசிக்கவில்லை. பக்கத்தின் கடைசி வரி நெருங்கினாலே விரல்கள் வெடவெடவென்று ஆடும்.

ஆவண அறைக்கு அதிகாரி டாக்டர் லாங்ஸ்டாஃப். அறுபத்து மூன்று வயது. கல்யாணம் ஆகாதவர். முழங்காலில் வாதம், நாக்கில் முள். கல்லூரியின் நூறு வருட வண்டவாளம் மொத்தமும் எங்கள் இருவர் கையில் இருந்தது. இசைச் சங்கத்தின் கச்சேரி அறிவிப்புகள், விருந்துச் சாப்பாட்டுப் பட்டியல்கள், விவாத மன்றத்துச் சண்டைகள், பரீட்சை நேரத்தில் டிராம்போன் ஊதியவன் மேல் வந்த புகார்கள். எல்லாவற்றையும் பிரித்து, தூசி தட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும்.

விருந்துப் பட்டியல்களுக்கு அடியில்தான் அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிய நீண்ட உருப்படி. மேலே ஒரு பெயர்: ஆம்ப்ரோஸ் டிண்டேல், 1921. அவன் இங்கே படித்த மாணவன் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். அழுதுவிட்டேன். அவ்வளவு அழகு.

"சங்கத்தோட நூறாவது வருஷக் கச்சேரியிலே இதை வாசிக்கணும்," என்றார் லாங்ஸ்டாஃப். "நீதான் வாசிக்கணும்."

"வேற ஆளைப் பாருங்க, டாக்டர்."

"இன்னும் எத்தனை வருஷம் செத்தவங்களுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கப் போறே? இதை விட்டா நீ மறுபடி வாசிக்கவே மாட்டே. எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

வயலின் பகுதியை ஒரு வாரத்தில் படியெடுத்து, ரசாயனம் சொல்லிக்கொடுக்கும், வயலினும் வாசிக்கும் கிளெமண்டிடம் கொடுத்துவிட்டேன். பியானோ பகுதியைப் படியெடுக்க நேரம் இல்லை. நகல் இயந்திரத்தின் வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் என்று லாங்ஸ்டாஃப் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தாள் ஆவண அறையை விட்டு வெளியே போகவும் கூடாது. நல்லவேளை, எங்கள் அறைதான் பழைய சங்கத்து அறை. வாசல் கோபுரத்தின் மேலே. சுழல் படியில் இறக்க முடியாததால் சங்கத்தின் பியானோவும் அங்கேயே கிடந்தது. அதன் இடது பக்கத்தில், பக்கம் புரட்டுகிறவர் உட்காரும் ஸ்டூல்.

டாக்டர் தினமும் மாலை தேநீருக்கு எதிர்க் கட்டடத்துக்குப் போவார். அந்த நேரத்தில் நான் வாசிப்பேன். டிசம்பரில் எங்கள் ஊரில் நாலு மணிக்கெல்லாம் கும்மிருட்டு.

முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள், இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஸ்டூலை எடுத்து ஜன்னல் ஓரம் போட்டேன். மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது. துப்புரவுக்காரம்மாள் நகர்த்தியிருப்பாள் என்று மறுபடி ஜன்னல் ஓரம் போட்டேன்.

அதற்கு மறுநாளும் அது பியானோவின் இடது பக்கத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றார்.

"மெரியல், இதென்ன? ஒவ்வொரு தாள்லயும் மேல் மூலையை மடிச்சு வெச்சிருக்கே?"

"நான் மடிக்கலையே."

"அப்ப தானா மடிஞ்சுதா?"

"டாக்டர், தனியா வாசிக்கிறவ கீழ் மூலையைத்தான் பிடிச்சு இழுப்பா. மேல் மூலை, பக்கத்திலே நின்னு புரட்டுறவங்களுக்கு. பிடிக்க வாகா இருக்கட்டும்னு அவங்கதான் மடிச்சு வெச்சுக்குவாங்க."

"சரி, யார் இங்கே நின்னது?"

அவரே சிரித்துக்கொண்டார்.

"எலியா இருக்கும். சங்கீதம் படிச்ச எலி."

அன்று மாலை அவர் தேநீருக்குப் போன பிறகு உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் தாழிட்டிருந்தது. மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதி. மனம் அதிலேயே லயித்துவிட்டது. பக்கத்தின் கடைசி வரி வந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தன. பழைய மேடைப் பழக்கம். பியானோக்காரர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். புரட்டுகிறவருக்கு 'இப்போது' என்று காட்ட, லேசாகத் தலையசைப்போம்.

தலையசைத்தேன்.

சரக்...

பக்கம் புரண்டது.

நானும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனேன். அது எனக்கு உறைக்கவே நாலு வரி ஆயிற்று. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். காற்று வர வழியில்லை என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

அடுத்த பக்கத்தின் கடைசி வரி. வேண்டாம் என்று நினைத்தேன். தலை தானாக அசைந்தது.

சரக்...

ஒரே தாள். மிகச் சரியான நொடி. பிறகு என் இடது காதருகே, அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ மெல்ல விடுகிற சத்தம். புரட்டி முடிக்கும்வரை மூச்சை அடக்குவார்களே... அப்படி.

ஸ்டூல் கிரீச்சிட்டது. எழுந்தவர் மறுபடி உட்காருகிற சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாராமலே எழுந்தேன். கோட்டைக்கூட எடுக்கவில்லை. சுழல் படியில் ஓடி இறங்கியதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். வாயிற்காவலர் ஹெப்பிள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ஒண்ணுமில்லை. தலைவலி."

"பத்திரமாப் போ. தரையெல்லாம் பனி."

வீட்டுக்குப் போய் விளக்கை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பயம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கிய பிறகுதான் ஒன்று தோன்றியது. கையைப் பார்த்தேன்.

அந்த இரண்டு பக்கமும் என் விரல் ஆடவே இல்லை.

மூன்று வருடத்தில் முதல் தடவை. உங்களுக்கு இது புரியுமோ என்னவோ. கால் விளங்காதவர் திடீரென்று நாலு அடி நடந்துவிட்டால், பிடித்துக்கொண்டது யார் கை என்றா கேட்பார்? திங்கட்கிழமை நான் திரும்பிப் போனேன். பயந்துகொண்டேதான் போனேன். ஸ்டூலை நகர்த்தவில்லை. உட்கார்ந்தேன். வாசித்தேன். கடைசி வரியில், வேண்டுமென்றே, தலையசைத்தேன்.

சரக்...

கச்சேரி வரைக்கும் தினமும் இப்படித்தான் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம்கூடத் தப்பவில்லை. இவ்வளவு நல்ல புரட்டுகிறவர் எனக்கு என்றும் வாய்த்ததில்லை.

சனிக்கிழமை, கல்லூரியின் பெரிய கூடத்தில் கச்சேரி. பிரதியைத் தவிர்க்க முடியாமல் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் அதைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். வேறு யாரும் தொடக்கூடாது, பக்கமும் நானே புரட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"முட்டி வலியோட எழுந்து எழுந்து உட்காரணுமே, டாக்டர்."

"உன் கையைப் பத்தி நீ கவலைப்படு. என் முட்டியை நான் பார்த்துக்கறேன்."

முதல் பகுதி முழுக்க அவர்தான் புரட்டினார். முனகிக்கொண்டே எழுவார். கொஞ்சம் தாமதம். என் விரல்கள் லேசாக ஆட ஆரம்பித்தன. கிளெமண்ட் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். லீட்ஸ் மறுபடியும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் பகுதி. கடைசி வரி. டாக்டர் எழக் கொஞ்சம் நேரமாயிற்று. நான் தலையசைத்தேன்.

சரக்...

புரண்டது. டாக்டர் அப்போதுதான் பாதி எழுந்திருந்தார். அவர் கை இன்னும் முட்டியைப் பிடித்தபடி இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எழவில்லை. ஒரு பக்கத்துக்கும் எழவில்லை. நான் தலையசைத்தேன், பக்கங்கள் புரண்டன. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து கூடத்தை விட்டு வெளியே போனார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

முடித்தேன். கடைசி ஸ்வரம் வரைக்கும் முடித்தேன். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு எல்லோரும் ஷெர்ரி ஒயின் குடித்துக்கொண்டு நின்றபோது டாக்டர் என்னை ஓரமாக அழைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"கடைசிப் பக்கங்களை நான் புரட்டலை, மெரியல்."

"நீங்கதான் புரட்டினீங்க. பதட்டத்திலே மறந்துட்டீங்க."

"என் மடியிலே ஒரு குளிர்க் கை பட்டுது. கொஞ்சம் தள்ளிக்கோன்னு சொல்ற மாதிரி."

நான் சிரித்துச் சமாளித்தேன். ஷெர்ரி அதிகமாகிவிட்டது என்றேன். அவரும் அரைமனதாகச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரை ஊரான விட்பியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். பிரதியையும் மற்ற தாள்களையும் கோபுர அறையில் கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்க வேண்டும். அது என் வேலை.

"டாக்டர், நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க போயிடுறீங்களா?"

"என்னைப் பதிலாளா அனுப்பறியா? சம்பளம் ஜாஸ்தியாகும்."

"விட்பியிலேருந்து புகைபோட்ட மீன் வாங்கிட்டு வர்றேன்."

"அப்ப சரி. உன் பேர்ல நான் போறேன்."

எங்கள் இசைக்காரர்களிடையே இது தினசரிப் பேச்சு. வாசிக்க ஒப்புக்கொண்ட இடத்துக்குப் போக முடியாவிட்டால் பதிலாள் அனுப்பிவிடுவோம். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

ஞாயிறு மாலை, நாலு மணி. அக்கா வீட்டில் தேநீர். கோப்பையை எடுக்கக் கை நீட்டினேன். இடது கை வழியில் நின்றுவிட்டது. அந்தரத்தில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒட்டிக்கொண்டன. எதையோ மெல்லியதாகப் பிடித்திருப்பது போல.

"என்னடி, கை மரத்துப்போச்சா?" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில் கை தொப்பென்று மடியில் விழுந்தது.

ஆறு மணிக்கு ஹெப்பிள் தொலைபேசியில் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார்.

"டாக்டர் போயிட்டாரு, கண்ணு."

நாலு மணி வாக்கில் மேலே பியானோ சத்தம் கேட்டதாம். நான்தான் ஊருக்குப் போகாமல் வாசிக்கிறேன் என்று ஹெப்பிள் நினைத்தாராம். வெகுநேரம் ஆகியும் நிற்காததால், பூட்டும் நேரம் என்று சொல்ல மேலே ஏறியிருக்கிறார்.

"கதவுப் பிடியிலே கை வைக்கிற வரைக்கும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. திறந்தேன். நின்னுபோச்சு."

"உள்ளே யாரு?"

"அவர் மட்டும்தான். இடது பக்கத்து ஸ்டூல்ல. கை மேலே தூக்கினபடி... எதையோ பிடிச்ச மாதிரி. பியானோ மேலே ஒரு தாள்கூட இல்லை, கண்ணு."

டாக்டர் லாங்ஸ்டாஃபுக்குப் பியானோவில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியாது.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மறு சனிக்கிழமை அடக்கம். எல்லோரும் கலைந்த பிறகு கல்லறை மதிலோரம் ஒரு பெரியவர் காத்திருந்தார். கச்சேரியின் நடுவில் எழுந்துபோனவர். பெயர் ஃபென்விக் என்றார். 1934-இல் சங்கத்தின் செயலாளராக இருந்தவராம்.

"அன்னிக்கு உனக்கு யாரும்மா பக்கம் புரட்டினது?"

"இவர்தான்."

"நான் முன்வரிசையிலே இருந்தேன். இவர் உட்கார்ந்திருந்தார்."

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க காலத்திலே சங்கத்துல ஒரு வழக்கம்," என்றார். "எங்கேயும் எழுதி வெச்சதில்லை. உங்க பெட்டியிலே தேடினாலும் கிடைக்காது. நீ எனக்குப் பக்கம் புரட்டினா, வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் உனக்குப் புரட்டணும். டிண்டேல் ஒரு பருவம் முழுக்க எல்லாருக்கும் புரட்டினானாம். தன்னோட உருப்படியை வாசிக்கறப்போ நமக்கும் ஆள் இருக்கும்னு. அந்த ஞாயித்துக்கிழமை ஆத்துல படகுப் போட்டி. ஒருத்தனும் வரலை. திங்கட்கிழமை கதவைத் திறந்தப்போ, பியானோ முன்னாலே உட்கார்ந்தபடியே செத்துக்கிடந்தானாம்."

"போக முடியாதவங்க...?"

"பதிலாள் அனுப்பலாம்."

மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் அவன் புரட்டினான். தனியா வாசிச்சுப் பார்த்தேன், தெரிஞ்சே தலையசைச்சேன். தானா அசைஞ்சா கணக்கில்லை, தெரிஞ்சு அசைச்சாத்தான் கடன். ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல். என் தம்பி ஹியூகிட்டே, மேலே போய் அந்தத் தாளை எடுத்துட்டு வாடான்னு சொன்னேன். பத்தொன்பது வயசு அவனுக்கு. அதே ஸ்டூல். அதே மாதிரி கை. அதுக்கப்புறம்தான் அந்தத் தாளை யார் கண்ணுலயும் படாம சாப்பாட்டுப் பட்டியலுக்கு அடியிலே புதைச்சேன். ஹியூவோட தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்."

"தீரலையா?"

"பதிலாள் வந்தா அன்னிக்கு வேலை நடக்கும். கடன் நம்ம பேருலதான் நிக்கும்."

அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நாளைக்கு நான் போறேன்மா. நாற்பத்து நாலு வருஷமாத் தள்ளிப்போட்டுட்டேன்."

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நேராக ஹெப்பிளிடம் ஓடினேன். கோபுர அறையைப் பூட்டச் சொன்னேன். என் கண் முன்னால் பூட்டி, சாவியை அவர் இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஞாயிறு முழுக்க அந்தச் சுழல் படியை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. யாரும் ஏறவில்லை. நாலு மணிக்குக் கோபுர அறையில் பியானோ கேட்டது. அவர் போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் சேர்ந்து பூட்டைத் திறந்தோம்.

ஃபென்விக் உள்ளே இருந்தார். கோட்டுப் பொத்தான்கள் போட்டபடி. இடது பக்கத்து ஸ்டூலில், கையை உயர்த்தியபடி.

அவர் தன் பேரில் போனாரா, என் பேரில் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.